பன்னிரண்டு மணி நேரம்

"கேமராவைப் பாரு சாலி. நீ திரும்பினா வீடியோ நின்னுடும்."

"கழுத்து வலிக்குது மச்சான். போன தடவை நீங்கதானே க்ளிக் பண்ணி முடிச்சீங்க?"

"இப்ப கேமரா வெச்சுட்டானே. தாடியோட உன் பேர்ல நான் உக்காரவா?"

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டின் சாப்பாட்டு மேசையில், லேப்டாப் முன் சாலிஹா உட்கார்ந்திருந்தாள். வீடு விற்றுக் கொடுப்பதற்கான ரியல் எஸ்டேட் லைசன்ஸைப் புதுப்பிக்க, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு மணி நேர வகுப்பு. ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டும். இது ஏப்ரலின் கடைசி ஞாயிறு.

அவள் கணவன் ஷம்சுதீன் ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் ஐ.டி. கான்ட்ராக்டர். இரண்டு நாளாகச் சமையல் அவனுடையது. துணி துவைத்து மடித்தான். கழுத்துக்குத் தலையணை வைத்தான். மணிக்கொரு தடவை டீ கொடுத்தான்.

மகள் ஆஸிபா எட்டிப் பார்த்தாள். "இஸ் உம்மா இன் டிடென்ஷன்?"

"தண்டனை இல்ல, உம்மா படிக்கிறாங்க. உள்ள போ."

சாலிஹா சிரித்தாள். "பொண்டாட்டி தொழிலுக்கு இப்படி உழைக்கிற ஆம்பளையைப் பார்த்ததே இல்லைன்னு எதிர்வீட்டு வதனி சொல்றா."

"அவ புருஷனை அனுப்பச் சொல்லு. ட்ரெய்னிங் குடுக்கிறேன்."

ஃபோன் அடித்தது. வீடு தேடும் செல்வராஜா அங்கிள். ஷம்சுதீன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, மான்மவுத் ஜங்ஷன் வீடு நாலு மணிக்குத்தானே? ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"நாலு மணிதான் அங்கிள்."

"பிடிச்சால் இண்டைக்கே விலை சொல்லி ஆஃபர் போடுவம்."

ஷம்சுதீன் ஃபோனை வைத்தான். "கேட்டியா? லைசன்ஸ் போச்சுன்னா எல்லாம் போச்சு. பல்லைக் கடிச்சுக்கோ."

மூன்றரை மணிக்கு வீடியோ முடிந்து கேள்விகள் வந்தன. தெரியாததை அவள் உரக்கப் படித்தாள். அவன் அடுப்படியிலிருந்து பதில் சொன்னான். கடைசிக் கேள்வி மிஞ்சியது.

"லைசன்ஸ் இல்லாத ஒருத்தர், வாங்க வர்றவங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டி விலை பேசலாமா?"

"கூடவே கூடாது. மாட்டினா லைசன்ஸே போயிடும். 'நோ'வை அமுக்கு."

அமுக்கினாள். திரையில் அவள் பெயரோடு சான்றிதழ் வந்தது.

ஷம்சுதீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான். "அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை."

சட்டை மாற்றினான். ஷூ மாட்டினான்.

"நீ போய்ப் படு. அங்கிளுக்கு வீட்டைக் காட்டிட்டு வந்துடறேன்."

"கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"அது எக்ஸாமுக்கு. என் விசாவுல வேற வேலை பார்க்க முடியாதுன்னுதானே லைசன்ஸை உன் பேர்ல எடுத்தோம்?"

சாலிஹா எழுந்து கார் சாவிக்குக் கை நீட்டினாள். "அட்ரஸைச் சொல்லுங்க."

ஆறு வருடத்தில் அவள் விற்றதாகப் பதிவான முப்பத்தெட்டு வீடுகளில், ஒன்றுக்குள்கூட அவள் கால் வைத்ததில்லை.