நானூற்றுப் பன்னிரண்டாம் எண் கதவு

ஊர் பேரூராட்சியானதும் வீடு வீடாகப் போய்க் கதவில் புது எண் எழுதும் வேலை தவசிக்கு வந்தது. கண்மாய்க் கரையில் கடைசியாக இருந்த சீனியம்மாளின் ஓலைக் குடிசையில் கதவு இல்லை, பழைய சேலைதான் தொங்கியது.

“இதுல எப்படிம்மா எழுத?”

“எழுதாட்டி என்ன தம்பி?”

“நம்பர் இல்லன்னா லிஸ்ட்ல பேரு வராது. ஓட்டும் கிடையாது.”

“ரெண்டு நாள் பொறு.”

மூன்றாம் நாள் போனபோது, குடிசைக்குப் பத்தடி முன்னால், வெட்டவெளியில், இடித்த பள்ளிக்கூடத்துக் கதவு ஒன்று நிலையோடு நின்றது. இரண்டு பக்கமும் கல் அடுக்கி முட்டுக்கொடுத்திருந்தாள். “ஓலை இதத் தாங்காது, அதான்” என்றாள். தவசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு 412 என்று எழுதினான். பெயிண்ட் காயும்வரை ஆடு உரசாமல் அவள் காவல் இருந்தாள்.

முதல் தேர்தலுக்கு வாக்காளர் சீட்டு கொடுக்கவும் அவன்தான் போனான். சீனியம்மாள் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்ற இடத்திலிருந்தே சீட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தவசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினான்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் சீனியம்மாள்.