உள்தாழ்ப்பாள்

அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

உடனே திறந்தாள். மறுபடியும் போட்டாள்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருந்தது அது. அவள் முழங்கைக்கு நேராகப் பென்சிலால் கோடு கிழித்து, தச்சர் நேற்றுத்தான் பொருத்திக் கொடுத்தது. அம்மா வீட்டில் அவள் அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே விழுந்துகிடந்தால் என்ன செய்வது என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கழற்றி எறிந்துவிட்டார்கள்.

முப்பது வயது தாண்டி இப்போதுதான் முதன்முதலாக ஒரு கதவை உள்ளேயிருந்து பூட்டுகிறாள் யமுனா.

திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா வரும் நேரம்.

இந்த வளாகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். எல்லாம் தரையோடு தரையாக. படிகள் இல்லை, சரிவுப் பாதைதான். இங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் உடம்பில் ஏதோ ஒன்று சொன்னபேச்சுக் கேட்காது. நடுவில் உதவியாளர் ரோஸ்லினின் அறை. மணியை அழுத்தினால் ரோஸ்லின் வருவாள். அழுத்தாவிட்டால் வரமாட்டாள்.

அப்படி வராமல் இருப்பதுதான் யமுனாவுக்கு ரொம்பப் பிடித்தது.

குடிவந்த மறுநாள் காலையில் தன் கையால் காப்பி போட்டுக் குடித்தாள். கொஞ்சம் கசந்தது. தேவாமிர்தம்தான்.

அம்மாவுக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

"பாக்கறேன். உன்னால ஆகுலைன்னு தெரிஞ்சுதுன்னா அன்னிக்கே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன் கண்ணு."

அப்படிச் சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனாள். போனவள் ஞாயிறு தவறாமல் வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சமையலறைக்குள் நுழைவாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அங்கேதான் வினை.

டப்பாக்கள், பாத்திரங்கள் எல்லாம் யமுனாவின் கைக்கு எட்டும்படி கீழ்த்தட்டில் இருக்கும். அம்மாவுக்கு அது பொறுக்காது. அரிசியும் உப்பும் காலடியில் கிடந்தால் வீடு விளங்குமா? கால் பட்டால் பாவமில்லையா? ஒவ்வொன்றாகத் துடைத்து மேல்தட்டில் ஏற்றிவிடுவாள். இந்தச் சமையலறையில் புழங்குகிறவள் தரையில் காலே வைப்பதில்லை என்பது பெற்றவளுக்கே மறந்துபோகும்.

வீட்டை லட்சணமாக்கிவிட்ட திருப்தியோடு பஸ் ஏறுவாள்.

யமுனா கீழே. சர்க்கரை மேலே.

போன வாரம் காப்பித்தூள் டப்பாவை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். நீளக் கரண்டியால் நெம்பினாள். விழுந்தது கடுகு. மடியெல்லாம் கடுகு. மணியை அழுத்தினாள். ரோஸ்லின் வந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யமுனாவும் சிரித்தாள்.

ரோஸ்லின் போன பிறகு அழுகை வந்தது.

இப்படியே போனால் அம்மா சொன்னதுதான் நடக்கும். யமுனாவால் ஆகவில்லை என்று ஆகிவிடும். ஆகவிடாமல் செய்வது அம்மாவின் பாசம்தான் என்று யாரிடம் போய் முறையிடுவது?

அம்மாவிடம்தான். ஆனால் அம்மா உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் யார் பேச்சும் எடுபடாது. நுழைவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

கதவு அசைந்தது. திறக்கவில்லை. மறுபடியும் அசைந்தது.

பிறகு தட்டும் சத்தம் கேட்டது.

அம்மா கதவைத் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று யமுனாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கண்ணு! உழுந்துட்டியா?"

"இல்லீங்மா. தாப்பா போட்டிருக்கறேன்."



யமுனா மூச்சை இழுத்துக்கொண்டாள். ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது இவ்வளவுதான்.

"டப்பா எல்லாம் கீழயேதான் இருக்கோணுங்மா. நீங்க மேல வெச்சுட்டுப் போனா எனக்குக் காப்பி இல்ல."

காத்திருந்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கே திரும்பிப் போய்விட்டாளோ? அம்மா கோபக்காரி. ஒரு சொல் பொறுக்கமாட்டாள்.

மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், கதவுக்கு மிக அருகில்.

"கூறுகெட்டவ நானு. உங்கைக்கு எட்டுமான்னு ரோசனையே பண்ணுல பாரு."

யமுனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவசரத்தில் தாழ்ப்பாளைத் தப்பான பக்கம் இழுத்தாள். பிறகு சரியாக இழுத்தாள். கதவைத் திறந்து, நாற்காலியைப் பின்னுக்கு உருட்டி வழிவிட்டாள்.

அம்மா உள்ளே வரவில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெளியிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. உதட்டோரம் மட்டும் குறும்பு.

"ஊட்டுக்காரங்க வாங்கன்னு கூப்புட்டாத்தான உள்ள வர முடியும்?"

அம்மா வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்பது எப்போதும் அம்மா. அம்மா இல்லாதபோது அப்பா. இருவரும் இல்லாத ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொல்லியிருக்கிறார். யமுனாவின் முறை வந்ததே இல்லை.

துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.