ஐந்தாவது கேள்வி

டாக்டர் டார்ச் அடித்து மாப்பிள்ளையின் வலது கண்ணைப் பார்த்தபோது மாமா வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

மாமா என்பவர் அக்காள் புருஷன். மாப்பிள்ளை என்பவன் குத்துச்சண்டைக்காரன். ஒருவன் உள்ளே நின்று அடி வாங்குவான், இன்னொருவர் மூலையில் வாளியும் துண்டுமாக நின்று பதறுவார். நாலு வருஷமாகக் குடும்பத்தில் வேலைப் பங்கீடு இப்படித்தான்.

அரையிறுதி முடிந்து பத்து நிமிஷம் ஆகவில்லை. புள்ளிக் கணக்கில் மாப்பிள்ளை ஜெயித்துவிட்டான். ஐந்து மணிக்கு இறுதிச் சுற்று.

அதற்கு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மூன்று மாதம் கையுறையைத் தொடக் கூடாது.

டார்ச் இடது கண்ணுக்குப் போனது.

கடைசி ரவுண்டில்தான் அது நடந்தது. இருவரும் கட்டிப்பிடித்துத் திணறிக்கொண்டிருந்தபோது, எதிராளியான சிவப்பு மூலைக்காரன் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே கையை வளைத்துப் பிடரியில் இரண்டு குத்து விட்டான்.

பிடரியில் அடிக்கக் கூடாது என்பது சட்டம். முயல் பிடிக்கிறவர்கள் முயலை அங்கேதான் அடிப்பார்கள். இரண்டாவது அடிக்கு வேலை இருக்காது.

நடுவருக்கு அந்தச் சமயம் பார்த்துச் சிவப்புப் பனியனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மாமா தொண்டை கிழியக் கத்தினார். மூலையில் இருப்பவர்கள் கத்தக் கூடாது என்ற சட்டத்தை நடுவர் அவருக்கு ஞாபகப்படுத்தினார்.

மணி அடித்ததும் மாப்பிள்ளை நேராகச் சிவப்பு மூலைக்குப் போய், அங்கே இல்லாத முக்காலியில் உட்காரப் பார்த்தான்.

எதிராளிக்குக் கை கொடுக்கப் போய் வழுக்கிவிட்டான், அவனுக்கு அவ்வளவு பெரிய மனசு என்று மாமா டாக்டரிடம் சொல்லிவைத்திருந்தார். டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

இப்போது டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தாளை எடுத்தார். மாமா கைத்துண்டை முறுக்க ஆரம்பித்தார்.

தாளில் ஐந்து கேள்விகள். மூன்று வருஷமாக அதே ஐந்து.

மாமாவின் பிழைப்பு டிரைவிங் ஸ்கூல். எந்த அதிகாரி எந்தச் சாலைக் குறியைக் காட்டிக் கேட்பார் என்பது அவருக்கு அத்துப்படி. அவரிடம் படித்த யாரும் லைசென்ஸ் தேர்வில் தோற்றதில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு.

மாப்பிள்ளைக்கும் அதே பயிற்சிதான். இரண்டு வாரமாகத் தினமும் காலையில் கயிறு தாண்டும்போது கேள்வியும் பதிலும். இன்று என்ன கிழமை? சனிக்கிழமை, சார். இது எந்த இடம்? உள்விளையாட்டரங்கம், சார். எந்த ரவுண்டோடு சண்டை முடிந்தது? மூணாவது ரவுண்டு, சார். யார் ஜெயித்தது? நான்தான், சார்.

ஐந்தாவது, டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்வது. தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் ஜனவரியில்தான் நிற்பான்.

அந்த ‘சார்’ மாமாவின் யோசனை. டாக்டர் என்று கூப்பிட்டால் கடமைக்குத் தலையாட்டுவார்கள், சார் என்றால் குளிர்ந்துபோவார்கள் என்பது அவர் அனுபவம்.

டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை சொன்னான். கிழமை, இடம், ரவுண்டு, ஜெயித்த ஆள். வரிசை பிசகவில்லை, குரல் தடுமாறவில்லை, ஒரு ‘சார்’ விட்டுப்போகவில்லை.

ஐந்தாவதைக் கேட்க டாக்டருக்குப் பொறுமை இல்லை. நடைவழிக் கடைசி அறையில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லையாம். கையெழுத்தைப் போட்டு, தாளை மாமா கையில் திணித்து, பையன் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அப்போதுதான் மூச்சு விட்டார்.

துண்டை வாளியில் போட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அக்காளுக்குப் போன் பண்ணிச் சொல்லலாமா என்று மாப்பிள்ளையைக் கேட்கத் திரும்பினார்.

மாப்பிள்ளை இடது மணிக்கட்டில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். முடிச்சைத் தேடி, நுனியைப் பிடித்து, இழுத்து, மறுபடி தேடி.

கையுறைக் கயிற்றை அவிழ்க்கிறான்.

கையுறைகளை மாமா அப்போதே கழற்றிவிட்டிருந்தார். அவை பெஞ்சில் கிடந்தன. கையில் சுற்றியிருந்த துணியைக்கூட அவர்தான் பிரித்தெடுத்திருந்தார். வெறும் கை.

மாமா வாளியைக் காலால் தள்ளினார். மண்டி போட்டு அவன் முன்னால் உட்கார்ந்தார். தாளில் இல்லாத ஒரு கேள்வி வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிக்கொடுக்காத கேள்வி. உலகத்திலேயே சுலபமான கேள்வி.

“மாப்ள, நான் யாருடா?”

மாப்பிள்ளை நிமிர்ந்தான். விழுந்து விழுந்து படித்துவிட்டு வந்த பையனின் முகம்.

“மூணாவது ரவுண்டு, சார்.”

மாமா கதவு வரைதான் ஓடினார். அதற்கு மேல் அவனைத் தனியே விட்டுப்போகப் பயமாக இருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நடைவழியைப் பார்த்துக் கத்தினார். பிடரியில் அடி விழுந்தது, அவன் வழுக்கி விழவில்லை, பதில் எல்லாம் என்னுடையது, அவனுக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்தை அடித்துவிடுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தூரத்தில் எங்கோ ஒரு கதவு திறந்தது.

முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை, யாரும் கேட்காத ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தான். டிசம்பர், நவம்பர், அக்டோபர். பிழையே இல்லை.

செப்டம்பர். ஆகஸ்ட்.

ஜூலையில் நின்றுவிட்டது.