மூலையில் ஒரு பாத்ரூம்

"அதெல்லாம் என் கையால வரைய முடியாதுங்க அம்மணி. வேற ஆர்க்கிடெக்டைப் பாருங்க."

பட்டென்று சொல்லிவிட்டேன். எனக்கு வந்த கோபம் அப்படி.

எதிரே உட்கார்ந்திருந்த நித்யஸ்ரீயின் முகம் சுருங்கிப் போனது. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. அங்கேயே ஏழு சென்ட் இடம் வாங்கி, வீடு கட்ட என்னிடம் வந்திருந்தாள். இரண்டு மாடி உயர ஹால், கூரையில் கண்ணாடி, ஹாலுக்கு நடுவே ஒரு மரம் என்று பார்த்துப் பார்த்து வரைந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், கடைசியில் பிளானின் பின்மூலையில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு பாத்ரூம் வேணுங்க சார். ஊட்டோட சேராம, தனியா. கதவு வெளிப்பக்கம்."

யாருக்கு என்று கேட்டேன்.

"வேலைக்கு வாரவங்களுக்குங்க."

வந்ததே எனக்கு ஆத்திரம்!

"ஊட்டுக்குள்ள நாலு பாத்ரூம் போட்டிருக்கேன். வேலை செய்யறவங்க அதுல ஒண்ணுல போனா ஆகாதுங்களா? இவ்வளவு படிச்சுப்போட்டு தீட்டுப் பாக்கறீங்களே! இந்தக் கிருபாசங்கர் வரையற ஊட்ல எல்லாரும் சமமுங்க. இருபத்தாறு ஊடு கட்டிட்டேன். ஒண்ணுலகூட இந்தக் கூத்துக்கு ஒத்துக்கிட்டதில்லீங்க."

சொல்லும்போதே என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவள் தயங்கினாள். "சார், அதைக் கடைக்கால் தோண்டறதுக்கு முன்னாலயே கட்டோணுங்க."

"ஊடே இல்லாம ஊட்டு வேலைக்கு யாருங்க வருவாங்க?"

"ஊட்டு வேலைக்கில்லீங்க. கல்லு மண்ணு சுமக்க வர்ற சித்தாளுங்களுக்கு. வேலை முடிய பத்து மாசமாகும்னு நீங்கதானுங்க சொன்னீங்க? எங்கம்மாவும் சித்தாளுதானுங்க. ஒதுங்க எடமில்லைன்னு பகல் பூரா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. அந்த வெயில்லயும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பென்சிலை எடுத்து அந்த மூலையில் கோடு போட ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கம்.

பிளானை எட்டிப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"ஏனுங்க சார், அந்த இருபத்தாறு ஊட்லயும் அவங்களுக்கு எப்படீங்க செஞ்சு குடுத்தீங்க? அதே மாதிரியே இங்கயும் செஞ்சாப் போதுமுங்க."