ஓடை தாண்டாத மண்

மண்ணில் ஈயம் இருக்கிறது என்று மெட்ராஸிலிருந்து வந்த காகிதத்தை, ஊர் கூடியிருக்கையில் நாலாகக் கிழித்துப் போட்டார் சாமியாடி சந்தனம். காரியம் கெட்டது அங்கேதான்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் குழிமேடு. முப்பது வீடு. ஈயக்கல் வெட்டப் போன ஜனம். கம்பெனி மூடிப் பதினாறு வருஷம். வெட்டிக் கொட்டிய மண்மேட்டின் மேலேயே குடியிருந்தார்கள்.

எண்பத்தேழில் அந்த ஊருக்குள் போனவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் புழுதியில் விளையாடும்; சத்தம் வராது. ஒரு பசு சுவரில் தலையை முட்டிக்கொண்டு பகல் பூராவும் நிற்கும். விரட்டினால் வட்டம் சுற்றிவிட்டு அதே சுவருக்கு வரும். யாராவது சிரித்தால் ஈறில் ஈயம் ஏறிய நீலக் கோடு.

சித்திரையில் மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர் ஜேசுதாசன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண் பரிசோதனை வேலை. காகிதத்தோடு வந்து நின்றார்.

"வேதக்காரரோ?" என்றார் சந்தனம்.

"மண்ணு பாக்கிறவன்."

"இது கருப்பசாமி காலடி மண்ணுவே. இதுல விஷம்னு சொல்லுதீரு. உம்ம கோயில் மண்ணை நான் வந்து அப்பிடிச் சொன்னா விடுவீரா?"

கூட்டம் சிரித்தது. வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. இடுப்பில் வயிற்றுவலியில் துவண்ட மூணு வயசுப் பெண் பிள்ளை. தலை அவள் தோளில் கிடந்தது. மூத்தது பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் இதே வயிற்றுவலிதான்.

"எங்க போனா சார் இது பொழைக்கும்?"

"எங்கயாவது போங்கம்மா. இந்த மண்ணை விட்டுப் போங்க."

"ஏட்டி, உள்ள போ!" என்று அதட்டினார் சந்தனம். "சாமிய விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

அப்போதுதான் காகிதம் கிழிந்தது.

ஜேசுதாசன் மேலே எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. வேறு வேலையைப் பார்த்தார். அவர் மேசையில் மண் மூட்டைகளுக்கா பஞ்சம்? மூட்டைக்கு நம்பர்தான் பேர். யார் அனுப்பினார்கள், யாருக்குப் பதில் என்பதெல்லாம் கிளார்க் பாடு.

ஆடி மாசம். கோயில் பொங்கல். உச்சி வெயில். சந்தனத்துக்குச் சாமி வந்தது.

வழக்கமான ஆட்டம் இல்லை. துள்ளவில்லை, கத்தவில்லை. கொட்டு தானாக நின்றுபோனது. அரிவாளும் கையுமாக ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். மண்ணையே பார்த்தார். வெள்ளைத்தாய் வாசலில் ரொம்ப நேரம் நின்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இந்த மண்ணு எனக்கு ஆகலை. நான் கெளம்புதேன். ஓடைக்கு அக்கரை, இலுப்பை மரத்தடி. வாரவன் வா."

கிழவர் பால்ச்சாமி கும்பிட்டார். "சாமி, பிடிமண் எடுத்துக்கிட்டு வாரோம்."

சாமி இடம் மாறினால் பழைய இடத்து மண் ஒரு பிடி கூடப் போக வேண்டும். அது இல்லாமல் எந்தச் சாமியும் நகர்ந்ததில்லை.

"தொடாதலே! ஒரு பொட்டு மண்ணு ஓடை தாண்டக் கூடாது. என் கல்லைக் கழுவு. காலைக் கழுவு. புள்ளைக கைய, நகக்கண்ணு விடாமக் கழுவு."

"பிடிமண்ணு இல்லாம எப்பிடிச் சாமி..."

"கழுவுலே!"

ஊருக்கே உடம்பு சிலிர்த்தது. தன் காலடி மண்ணையே வேண்டாம் என்கிற சாமியை யார் கண்டது?

மூணே நாள். முப்பது வீடும் காலி. கழுவின தண்ணீர் ஓடையில் வெள்ளையாகப் போனது. அந்தப் பசு மட்டும் சுவரை விட்டு வரவில்லை.

தை மாசம் ஜேசுதாசன் போனார். இலுப்பை மரத்தைச் சுற்றிக் குடிசைகள். தூரத்திலேயே பிள்ளைகள் சத்தம் கேட்டது. வெள்ளைத்தாய் மகள் கோழியை விரட்டிக்கொண்டு குறுக்கே ஓடினாள்.

"நீரு சொன்னதைத்தான் சாமியும் சொல்லுச்சு" என்றார் பால்ச்சாமி. "சாமி சொன்ன பொறவுதான் எங்க மண்டையில ஏறுச்சு."

சந்தனம் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஜேசுதாசன் அவர் பக்கத்தில் போனார்.

"அதுக்கப்புறம் சாமி வந்துச்சா அய்யா?"

"வரலை. இனி வராது."

"ஏன்?"

"அவனுக்கு எம்மேல கோவம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஜேசுதாசன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். செம்மண். ஊடே காக்காப்பொன் துகள் மினுக்கியது. முன்னமே கையில் பட்ட மண்.

ஆபீஸுக்குத் திரும்பி அலமாரியைத் துழாவினார். நம்பர் எழுபத்திரண்டு. வைகாசியில் வந்த மூட்டை. மெட்ராஸ் சோதனைக்குப் பிறகு, 'ஈயம் இல்லை' என்று ஆனிக் கடைசியில் பதில் கார்டு போயிருந்தது.

துணிக்குள் ஒரு துண்டுக் காகிதம். எழுத்துக்கூட்டி எழுதிய பென்சில் எழுத்து.

'ஓடைக்கு அக்கரை, இலுப்பை மரத்தடி மண். இதிலேயும் ஈயம் இருக்கா? பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆடிப் பொங்கலுக்குள் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம்.'

கீழே அனுப்பியவர் பேர் இருந்தது.

சந்தனம்.