நீங்க முதல்ல போங்க

எதிரே ஒரு படகு வருவதைப் பார்த்ததும் டெரிக் தன் படகைக் கரையோரம் ஒதுக்கினார். "நீங்க முதல்ல போங்க!" என்று கையசைத்தார்.

கால்வாயில் அங்கங்கே இருந்த மதகுகளில் ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நுழைய முடியும். காலையிலிருந்து எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தார்.

நல்ல வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்த அவர் மனைவி ஹேஸல் சிரித்தாள். "வாத்துகூட நம்மள முந்திட்டுப் போகுது. இந்த மரியாதையெல்லாம் இத்தன வருஷமா எங்க வச்சிருந்தே? கார் ஓட்டும்போது ஒருத்தனுக்காவது வழி விட்டிருப்பியா?"

"என்ன அவசரம்? டீ குடி."

"குடிச்சுக் குடிச்சு வயிறே குளமாயிடுச்சு!"

கடைசி மதகில் எதிரே யாருமில்லை. கதவு திறந்தே இருந்தது. டெரிக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் நின்றார்.

"கெளம்பு டெரிக். அங்க காத்திட்டிருப்பாங்க."

"இரு, யாராவது வருவாங்க."

"யாரும் வரலப்பா."

மதகுக்கு அப்பால் கரையில் ஒரு வெள்ளைக் கட்டடம். வாசலில் சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அங்கே படுக்கப் போகிறவர்கள் வீடு திரும்புவதில்லை. ஆம்புலன்ஸ் வேண்டாம், படகிலேயே போகலாம் என்று கேட்டவள் ஹேஸல்தான்.

டெரிக் கயிற்றை அவிழ்த்தார்.

அப்போது எதிரே தூரத்து வளைவில் ஒரு படகின் முகப்பு தெரிந்தது.

ஹேஸல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டெரிக்... அவங்களும் போயிடட்டுமே."