மாமன்னனின் கோடுகள்

"கையை எடும்மா! ஐயாயிரம் வருஷத்து வெற்றி அது!"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் பாறைமேல் இருந்த நீர்க்காகம் எழுந்து பறந்தது. சிப்பிக்காரி பறக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த தூளை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, சிப்பி பெயர்க்கும் சிற்றுளியோடு இரண்டடி தள்ளி நின்றாள். கடல் வற்றும் நேரத்தில் தினமும் முதல் ஆளாகப் பாறைக்கு வருகிறவள் அவள்.

பாறையில் ஆதிமனிதன் செதுக்கிய தோணி ஒன்று இருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாகச் சின்னக் கோடுகள். தீவில் இறங்கிய மறுநாளே பேராசிரியர் அதைப் படித்து முடித்துவிட்டார்: தோணி ஒரு மாமன்னனுடையது, கோடு ஒன்றுக்கு எதிரித் தலை ஒன்று.

"மொத்தம் எத்தனை தலை சார்?" அருங்காட்சியக அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார்.

"இருநூத்திப் பதினேழு."

"நேத்து இருநூத்திப் பதினாறுன்னு சொன்னீங்களே?"

"நேத்து வெயில் கண்ணைக் கூசிச்சு. அடிச்சிட்டு எழுதுங்க."

அதிகாரி அடித்துவிட்டு எழுதினார். மன்னனுக்கு ஒரு வெற்றி கூடியது.

"கடைசி வரிசை மட்டும் பளிச்சுன்னு இருக்கே சார்?"

"உப்புக் காத்துய்யா. கல்லுக்கு வயசே ஆகாது. எனக்குத்தான் ஆகுது."

அது உண்மை. ஓய்வுபெற இரண்டே மாதம். முப்பது வருடமாக உடைந்த பானை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு மேடை, மாலை, மைக் எல்லாமே இந்தக் கல்தான். நாளைக் காலை அறுக்கும் இயந்திரத்தோடு படகு வருகிறது. தோணியும் கோடுகளும் ஒரே பலகையாக அறுபட்டுத் தலைநகரம் போகும்.

"ஐயா..." சிப்பிக்காரி முதல்முறையாக வாய் திறந்தாள். "தோணிய வேணா எடுத்துக்கிட்டுப் போங்க. கோட்ட மட்டும் விட்டுடுங்க."

பேராசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா அதிகாரி? இந்தம்மாவுக்குத் தோணி வேணாமாம், தலைதான் வேணுமாம்! ஏம்மா, மன்னன் என்ன உங்க சொந்தக்காரரா?"

அதிகாரியும் கடமைக்குச் சிரித்து வைத்தார்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கடலின் அந்த விளிம்பு வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். ஒரு படகும் இல்லை. கோடுகளின் பக்கம் திரும்பினாள்.

"எம்புள்ள கடலுக்குப் போயி இன்னையோட இருநூத்திப் பதினேழு நாளாச்சுய்யா."